கடல் யாரையும் கூப்பிடவில்லை

எங்கள் பள்ளி வேனை ஓட்டுகிறவளுக்குக் கோபம் வந்தால் முதலில் காது இரண்டும் சிவக்கும். முன்கண்ணாடியில் அதைப் பார்த்த உடனேயே பின்னால் இருக்கிற வாண்டுகள் வாயைப் பொத்திக்கொண்டு அவரவர் இடத்தில் உட்கார்ந்துவிடும். நான் அந்த வேனில் பிள்ளைகளைக் கைபிடித்து ஏற்றி இறக்குகிற வேலை பார்க்கிறேன். எனக்கு நாற்பத்து நான்கு வயதுதான். ஆனாலும் தலைமை ஆசிரியையிலிருந்து வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் நான் ஆயாம்மா. டிரைவரும் அப்படித்தான் கூப்பிடுவாள். ஏழு வருடமாக முன்சீட்டில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போகிறோம். அவளை எனக்குத் தெரிகிற அளவுக்கு அவள் வீட்டு மாடிப்படிக்குக்கூடத் தெரியாது.

அவள் கோபத்தில் நியாயமானதும் உண்டு, நியாயமில்லாததும் உண்டு. பள்ளி வாசலை மறித்துக் காரை நிறுத்திவிட்டுப் போன ஒரு பெரிய மனிதர் திரும்பி வரும்வரை ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் இருந்து, அவர் வந்ததும் தலையை வெளியே நீட்டி, "பிள்ளைங்க நடக்கிற இடங்க இது. உங்க வீட்டு ஹாலு இல்ல" என்று சொன்னது நியாயமானது. மழை நாளில் நான் சன்னலைச் சாத்த மறந்ததற்காக நான்கு நாள் என்னோடு பேசாமல் இருந்தது நியாயமில்லாதது. ஐந்தாம் நாள், "ஆயாம்மா, டீ குடிக்கிறீங்களா?" என்றாள். மன்னிப்பு என்ற சொல் அவள் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. டீதான் வரும்.

சைக்கிள் ரிப்பேர் கடைக்கு மேலே இரண்டு அறை கொண்ட வீட்டில், தன் அக்கா மகளோடு குடியிருந்தாள். அந்தப் பெண்ணை அவள் பட்டாணி என்று கூப்பிடுவாள். பிறந்தபோது அவ்வளவு சின்னதாக இருந்ததாம். போன வருடம் பன்னிரண்டு வயது, ஏழாம் வகுப்பு, சித்தி தோள் உயரத்துக்கு வந்துவிட்டாள், ஆனாலும் பட்டாணிதான். அவள் அப்பா அவள் நடக்கப் பழகுவதற்கு முன்பே வேறு ஊர், வேறு குடும்பம் என்று போய்விட்டார். அம்மா கடற்கரைக் கோட்டையில் துப்புரவு வேலை பார்த்தவள். பட்டாணிக்கு மூன்று வயதாக இருக்கும்போது, வேலை நேரத்தில் கோட்டை மேலிருந்து விழுந்து இறந்துபோனாள். இவ்வளவுதான் டிரைவர் என்னிடம் சொல்லியிருந்தாள். மேலே கேட்க அவள் காதுகள் என்னை விட்டதில்லை.

அந்த வருடம் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை அதே கோட்டைக்குச் சுற்றுலா கூட்டிப்போவதாகப் பள்ளியில் நோட்டீஸ் ஒட்டினார்கள்.

"நான் வண்டி எடுக்க மாட்டேன். வேற டிரைவரைப் பாருங்க" என்று தலைமை ஆசிரியையிடம் சொல்லிவிட்டு வந்தாள். அன்று சாயங்காலம் வேனில் எல்லாப் பிள்ளைகளும் இறங்கிய பிறகு பட்டாணி முன்னால் வந்து எங்கள் இரண்டு சீட்டுக்கும் நடுவில் தலையை நீட்டினாள்.

"சித்தி, நான் போகணும்."

"எதுக்கு? கல்லும் கடலும். போட்டோல பாத்துக்க."

"அம்மா வேலை பாத்த இடம். நான் பாத்ததே இல்ல."

டிரைவர் கியரை மாற்றியபோது வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. மறுநாள் காலை, "நானே ஓட்டறேன்னு மேடம்கிட்ட சொல்லிடுங்க. எவனோ ஓட்டற வண்டியில அவளை அங்க அனுப்ப மாட்டேன்" என்றாள்.

ஒன்றரை மணி நேரப் பயணம். வழியெல்லாம் பிள்ளைகள் பாட்டுப் பாடின. கடல் கண்ணில் பட்டதும் பின்னால் ஒரே கூச்சல். அவள் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

கோட்டையின் மூன்று பக்கச் சுவர் நிற்கிறது. நான்காவது பக்கத்தைக் கடல் எப்போதோ தின்றுவிட்டது. வாசலில் டிக்கெட் சன்னல், அதை ஒட்டி அலுவலகம், எதிரே குளிர்பானக் கடை, சிப்பி மாலையும் சாவிக்கொத்தும் விற்கிற இன்னொரு கடை. உள்ளே போனால் கூரையில்லாத மண்டபங்கள். எட்டும் உயரம் வரை சுவரெல்லாம் காதலர்கள் கீறிய எழுத்து, எட்டாத உயரத்தில் பறவை எச்சம். கடல் பக்கத்தில் மட்டும் ஒரு வட்டக் கோபுரம் பாதிக்கு மேல் இல்லாமல் நிற்கிறது. நூற்றுப் பன்னிரண்டு படி ஏறினால் ஒரு மேடை. மேடையின் விளிம்பில் நான்கு கல் தூண்களுக்கு நடுவே ஒரு நைலான் கயிறு கட்டியிருந்தது. துணி காயப்போடுகிற கயிறு. அதற்கு அந்தப் பக்கம் ஒன்றுமில்லை, கீழே பாறையும் நுரையும்தான்.

வழிகாட்டி ஒரு சிவப்புத் தொப்பிக்காரர். இடுப்பில் சின்ன ஒலிபெருக்கி, கன்னத்தோடு ஒட்டிய மைக். சொல்வதைக் குறைசொல்ல முடியாது, நன்றாகவே சொன்னார். போருக்குக் கடல் கடந்து போன அரசன் மூன்று வருடமாகத் திரும்பவில்லையாம். இளைய ராணி இந்த மேடையில் நின்று கடலிடம் சத்தியம் செய்தாளாம், அவனைத் திருப்பிக் கொடு, பதிலுக்கு என்னைத் தருகிறேன் என்று. மறுவாரமே கப்பல் வந்துவிட்டது. ராணிக்குச் சாக மனமில்லை. கடல் பொறுத்துப் பார்த்தது. பிறகு தன் பக்கத்துச் சுவரை வருடத்துக்கு ஒரு துண்டாக இழுத்துப் போட ஆரம்பித்தது. கடைசித் துண்டும் போன அன்றைக்கு ராணி தானே படியேறி வந்து குதித்தாளாம்.

பிள்ளைகள் மூச்சு விடாமல் கேட்டன. எனக்கே கை மயிர் சிலிர்த்தது. அங்கேயே அவர் நிறுத்தியிருக்கலாம்.

"ஆனா அதோட கடலோட பசி தீரல, தம்பிகளா, பாப்பாக்களா!" என்று குரலைத் தாழ்த்தினார். "இப்பவும் கடல் அப்பப்ப ஒரு பொண்ணைக் கூப்பிடும். பத்து வருஷம் முன்னாடி இதே இடத்துல நடந்தது. இங்க பெருக்கிக்கிட்டிருந்த ஒரு பொண்ணு. காதல்ல ஏமாந்தவ. அந்தி நேரம். கடல் அவ பேரைச் சொல்லிக் கூப்பிட்டுச்சு. விளக்குமாறைக் கீழ வெச்சா. நீளமான கூந்தலை அவிழ்த்து விட்டா. சிரிச்சுக்கிட்டே நடந்து போனா..."

முன்வரிசையில் தண்ணீர் பாட்டிலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்ற பட்டாணி திரும்பினாள். கூட்டத்துக்குப் பின்னால் நின்ற சித்தியைத் தேடிப் பார்த்தாள்.

"நிறுத்துய்யா!"

அந்தச் சத்தத்துக்குப் பிள்ளைகள் இரண்டு பக்கமும் ஒதுங்கின. டிரைவர் நடுவே நடந்து போய்த் தொப்பிக்காரருக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றாள். அவள் பேசியது அவருடைய மைக் வழியாகவே ஒலிபெருக்கியில் கேட்டது.

"எந்த அந்தி? காலையில எட்டேகால். கோட்டைக் கதவே இன்னும் திறக்கல. கூந்தலா? எங்க அக்காவுக்கு அப்போ கூந்தலே கிடையாது. டைபாய்டு வந்து நான்தான் ஒட்ட வெட்டிவிட்டேன். காது வரைக்கும்தான் முடி. உனக்கு யாரு சொன்னா சிரிச்சான்னு? நீ பாத்தியா? இந்தக் கயிறு இருக்கிற இடத்துல அப்போ தடுப்புக் கம்பி இருந்துச்சு. அதுக்கு வெளியில ஒரு பிளாஸ்டிக் பை மாட்டியிருந்துச்சு, அதை எடுக்கக் குனிஞ்சா. கம்பி அடியோட பிடுங்கிக்கிட்டு வந்துச்சு. கீழ கிடக்கும்போது ஒரு கையில அந்தப் பை, இன்னொரு கையில கம்பித்துண்டு இருந்துச்சுய்யா! நான் பாத்தேன். அடிப்பக்கம் துரு, தொட்டா உதிருது. கடல் கூப்பிட்டுச்சாம்! கடல் யாரையும் கூப்பிடல. உங்க ஆபீஸ்காரன் கம்பி மாத்தல!"

"அம்மா, இது ஒரு கதைங்க, எல்லாரும் சொல்றதுதான்..." என்று அவர் மைக்கைக் கையால் மூடப் பார்த்தார்.

"கதையா? அவ பொண்ணு உன் முன்னாடி நிக்கிறா."

அத்தனை பிள்ளைகளும் பட்டாணியைப் பார்த்தன. அந்த நொடியே தான் செய்தது டிரைவருக்குப் புரிந்துவிட்டது. பட்டாணியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படி இறங்கினாள். பாதிப் படியில் பட்டாணி கையை உதறிவிட்டுத் தனியாக இறங்கினாள்.

திரும்பி வரும்போது வேனில் யாரும் பாடவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அடுக்கடுக்காக வந்தது. பிள்ளைகளுக்கு முன்னால் டிரைவர் மரியாதைக்குறைவாகப் பேசினாள் என்று மூன்று பெற்றோர்கள் எழுதிக் கொடுத்தார்கள். பள்ளியில் இரண்டு வாரம் வண்டி எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வகுப்பில் எவனோ ஒருவன் பட்டாணிக்கு "கடல் கூப்பிட்டவ மக" என்று பெயர் வைத்தான். அவள் அவனுடைய ஜியாமெட்ரி பாக்ஸைச் சன்னல் வழியாக வீசினாள். கோபம் குடும்பச் சொத்துதான்.

அந்த இரண்டு வாரத்தில் முதல் நாளே டிரைவர் கோட்டை அலுவலகத்துக்குப் போனாள். வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு நானும் கூடப் போனேன். அவள் தனியாகப் போனால் யாரையாவது அடித்துவிடுவாள் என்று பயமாக இருந்தது. மேலாளர் இளவயதுக்காரர், பணிவாகத்தான் பேசினார். உட்காரச் சொன்னார். பீரோவிலிருந்து ஒரு கோப்பை எடுத்துப் புரட்டினார்.

"உங்க வருத்தம் புரியுதுங்க. ஆனா வழிகாட்டிங்க நம்ம ஆளு கிடையாது, வெளியாளு. அவங்க என்ன சொல்றாங்கன்னு நாங்க கேட்க முடியாது. அதுவும் இல்லாம..." கோப்பைப் பார்த்தபடியே இழுத்தார்.

"அதுவும் இல்லாம?"

"ஃபைல்லயே அப்படித்தானே இருக்கு. மனச்சோர்வு காரணமாகத் தானே குதித்திருக்கலாம்னு."

அவள் எழுந்து கோப்பைத் தன் பக்கம் திருப்பினாள். நானும் எட்டிப் பார்த்தேன். டைப் செய்த ஒரு பக்கம். அவர் சொன்ன அதே வரி. அதற்குக் கீழே, "மேற்கண்டவற்றை வாசித்து ஒப்புக்கொள்கிறேன்" என்று போட்டு, இறந்தவரின் தங்கை என்ற இடத்தில் அவளுடைய கையெழுத்து.

அவளுக்கு அப்போது இருபத்தேழு வயது. பிணவறை வாசலில், இடுப்பில் தூங்குகிற குழந்தையோடு நின்றவளிடம் யாரோ ஒருவர் பேனாவைக் கொடுத்து, "உடம்பை வாங்கணும்னா இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க" என்றாராம். போட்டுவிட்டாள். ஒன்பது வருடமாக அதைப் பற்றி நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

வெளியே வந்து குளிர்பானக் கடைப் பெஞ்சில் உட்கார்ந்தாள். காது சிவக்கவில்லை, வெளுத்துப் போயிருந்தது. அதை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன்.

"நானே எழுதிக் கொடுத்திருக்கேன் ஆயாம்மா. எங்க அக்கா தானா குதிச்சான்னு நானே கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"படிக்க விட்டிருக்க மாட்டாங்கம்மா."

"படிச்சிருக்கணும்ல!" என்று என்மேல் எரிந்து விழுந்தாள்.

மறு ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவள் கோட்டைக்குப் போக ஆரம்பித்தாள். பஸ்ஸில் போவாள். மேடைக்கு ஏறுகிற படியடியில் நிற்பாள். சிவப்புத் தொப்பிக்காரர் கூட்டத்தோடு வந்தால் பின்னாலேயே ஏறுவாள். அவர் ராணி கதை சொல்லும்வரை பேசாமல் இருப்பாள். முடித்ததும், "இதுக்கப்புறம் நான் சொல்றேன்" என்று முன்னால் வருவாள். எட்டேகால் மணி, பிளாஸ்டிக் பை, துருப்பிடித்த கம்பி. சொல்லி முடித்து நைலான் கயிற்றைப் பிடித்து ஆட்டிக் காட்டுவாள். "இன்னும் இதுதாங்க கட்டியிருக்கு. பாத்து நில்லுங்க" என்பாள்.

முதல் இரண்டு வாரம் தொப்பிக்காரர் காவலாளியைக் கூப்பிட்டார். டிக்கெட் வாங்கி வந்திருக்கிறவளை எப்படி வெளியே தள்ளுவது என்று காவலாளி கையை விரித்துவிட்டார். மூன்றாவது வாரம் தொப்பிக்காரர் தானே ஒதுங்கி நின்று இடம் கொடுத்தார். எனக்கு அது நல்லதாகப் பட்டது. அவளுக்கும் அப்படித்தான்.

ஐந்தாவது வாரம்தான் விஷயம் புரிந்தது. யாரோ அவள் கத்துவதைப் படம் பிடித்துப் போட்டிருக்கிறார்கள். ராணி கோட்டையில் கோபக்காரத் தங்கை என்று தலைப்பாம். அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் போயிருந்தேன். கூட்டம் திமிலோகப்பட்டது. தொப்பிக்காரர் ராணி கதையை அவசர அவசரமாக முடித்துவிட்டு, "இப்போ நீங்க எதிர்பாத்துட்டிருந்த நேரம்" என்று ஒலிபெருக்கியில் சொன்னார். நாற்பது போன் மேலே உயர்ந்தது. அவள் பேச ஆரம்பித்தாள். பின்னால் இரண்டு பெண்கள், "இன்னும் கோவப்படல, இரு" என்று கிசுகிசுத்துக்கொண்டார்கள். கம்பித்துண்டு கையில் இருந்ததைச் சொன்னபோது ஒருவர் கைதட்டினார்.

பாதியில் நிறுத்திவிட்டுக் கீழே வந்தாள். குளிர்பானக் கடைக்காரர் ஒரு பாட்டிலைத் திறந்து நீட்டினார்.

"எடுத்துக்கோங்கக்கா, காசு வேணாம். நீங்க வந்ததிலேர்ந்து வியாபாரம் பிச்சுக்கிட்டுப் போகுது."

அவள் பாட்டிலை வாங்கினாள். அவர் கடை வாசலிலேயே கடைசிச் சொட்டு வரை தரையில் ஊற்றினாள். காலிப் பாட்டிலை அவர் கையில் வைத்துவிட்டு நடந்தாள். நான் அந்த மனிதரிடம், "தப்பா எடுத்துக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் பின்னால் ஓடினேன். அதற்கு அவள் பஸ்ஸில் என்னைக் கிழித்துத் தொங்கவிட்டாள். "தப்பா எடுத்துக்கணும் ஆயாம்மா! எடுத்துக்கட்டும்!"

வீட்டுக்குப் போனபோது பட்டாணி யாருடைய போனிலோ அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"சித்தி, இனிமே போகாத."

"ஏன், உனக்கு அவமானமா இருக்கா?"

"நீ என்ன சொல்றன்னு யாரும் கேட்கல. நீ கத்தறதைத்தான் பாக்க வர்றாங்க. அம்மாவை அவர் பேயாக்கினார். இப்ப உன்னையும் ஆக்கிட்டார்."

பன்னிரண்டு வயதுப் பெண் சொல்கிறாள். எனக்குச் சுருக்கென்றது. டிரைவர் அடுப்படிக்குப் போய் ஒரு பாத்திரத்தை வெகுநேரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மூன்று டம்ளரில் டீ கொண்டுவந்து வைத்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் போகவில்லை. அதற்கு அடுத்த வாரமும் போகவில்லை. மூன்றாவது வாரம் அவளைத் தேடிக்கொண்டு பள்ளி வாசலுக்கே ஒருவர் வந்தார். கோட்டையில் டிக்கெட் சன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர். ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது வயதிருக்கும். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பதும் போடுவதுமாக நின்றார். பிள்ளைகள் வருவதற்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது. வேனுக்குள் ஏறி உட்காரச் சொன்னேன்.

"உங்க அக்காவுக்கு எழுத வராது" என்று ஆரம்பித்தார்.

"தெரியும்."

"கம்பி ஆடுதுன்னு என்கிட்ட வந்து சொல்வாங்க. நான்தான் புகார்ப் புத்தகத்துல எழுதினேன். மூணு தடவை. ரெண்டு மாசத்துல மூணு தடவை. கீழ அவங்க கைநாட்டு இருக்கு. பொறியாளர் பாத்ததா இன்ஷியல்கூட இருக்கு."

அவள் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

"அந்தப் புத்தகம் எங்க?"

"இருக்கு. தூக்கிப் போடச் சொன்னாங்க. நான் பழைய டிக்கெட் கட்டுக்கு அடியில வெச்சுட்டேன்."

"ஒன்பது வருஷமாவா?"

"வேலை போயிடும்னு பயம்மா. எனக்கும் பிள்ளைங்க இருந்துச்சு. அடுத்த மாசம் ரிட்டயர் ஆகறேன். அன்னைக்கு நீங்க மேடையில பேசினது டிக்கெட் ரூம் வரைக்கும் கேட்டுச்சு. அப்புறம் வாரா வாரம் வந்தீங்க. தூக்கம் வரல."

அவர் நன்றியை எதிர்பார்த்து வந்தாரா, திட்டை எதிர்பார்த்து வந்தாரா, எனக்குத் தெரியவில்லை. திட்டுத்தான் கிடைத்தது. ஒன்பது வருடம் அந்தச் சன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, அக்கா விழுந்து செத்த கோட்டையைப் பார்க்க வருகிறவர்களுக்கு டிக்கெட் கிழித்தீர்களே, தினமும் அந்தக் கதை காதில் விழுந்திருக்குமே, சோறு எப்படி இறங்கியது என்று கேட்டாள். அவர் தலைகுனிந்து முழுவதையும் வாங்கிக்கொண்டார். கடைசியில் பைக்குள்ளிருந்து பழைய செய்தித்தாளில் சுற்றிய ஒரு நீளப் புத்தகத்தை எடுத்து என் மடியில் வைத்துவிட்டு இறங்கிப் போனார். அவளிடம் கொடுக்கத் துணிச்சல் வரவில்லை போலும்.

மற்றப் பிள்ளைகளுக்கு முன்பே வேனுக்கு வந்துவிட்ட பட்டாணிதான் முதலில் அதைத் திறந்தாள். நீல மையில் எழுத்து. "கோபுர மேடையின் கடல் பக்கக் கம்பி அடியில் துருப்பிடித்து ஆடுகிறது. ஆள் சாய்ந்தால் விழும்." கீழே ஒரு கட்டைவிரல் ரேகை. பட்டாணி தன் விரலை அதன்மேல் வைத்துப் பார்த்தாள். டிரைவர் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "வேன்ல அழக்கூடாது. பிள்ளைங்க வர்ற நேரம்" என்றாள். யாருக்குச் சொன்னாளோ.

இந்த முறை அவள் கோட்டைக்குப் போகவில்லை. நகரத்தில் இருக்கிற தலைமை அலுவலகத்துக்குப் போனாள். மூன்றாம் மாடி. லிஃப்ட் வேலை செய்யவில்லை. ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு அனுப்பினார்கள். எல்லோரும் அசல் புத்தகத்தைக் கேட்டார்கள். அவள் பிரதியை மட்டும் கொடுத்தாள். "அசல் என் கையில இருக்கும். நீங்க விசாரணை வைக்கிற அன்னைக்குக் கொண்டுவந்து காட்டறேன். காட்டிட்டு எடுத்துட்டுப் போவேன்" என்றாள். நான்கு மாதத்தில் பதினொரு தடவை போனாள். கத்தவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். கத்தினால் கதவை மூட அவர்களுக்கு ஒரு சாக்கு கிடைக்கும் என்பாள். அந்தக் கத்தலையெல்லாம் சேர்த்துவைத்துத் திரும்பி வரும் வழியில் என்னிடம் கத்துவாள். நான் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு ம் போடுவேன்.

பன்னிரண்டாவது தடவை விசாரணை வைத்தார்கள். ஓய்வுபெற்ற டிக்கெட்காரர் வந்து, இது என் கையெழுத்துதான் என்று நின்று சொன்னார். இன்ஷியல் போட்ட பொறியாளர் இறந்து இரண்டு வருடம் ஆகிவிட்டதாம். அப்போதைய மேலாளர் வேறு நாட்டில் மகனோடு இருக்கிறாராம். தண்டிக்க ஆளே மிச்சமில்லை. விசாரணை அதிகாரி அதைக் கிட்டத்தட்ட ஆறுதல் போலச் சொன்னார்.

"அப்போ கயிறு?" என்றாள் டிரைவர்.

"எந்தக் கயிறு?"

"கம்பி போன இடத்துல ஒன்பது வருஷமா நைலான் கயிறு கட்டியிருக்கு. அதைக் கட்டினவங்க உயிரோட இருக்காங்களா? அதைத் தினம் பாத்துட்டுச் சும்மா இருக்கிறவங்க?"

அந்த வாரமே மேடையை மூடினார்கள். இரண்டு மாதம் கழித்துத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி போட்டார்கள், தரையில் குழி தோண்டிக் கான்கிரீட் ஊற்றி. கடிதமும் வந்தது. பராமரிப்புக் குறைபாட்டால் நேர்ந்த விபத்து, முந்தைய பதிவு நீக்கப்படுகிறது என்று. ஆனால் அக்கா பெயரில் ஓர் எழுத்தைத் தப்பாகப் போட்டிருந்தார்கள். மறுநாளே மூன்று மாடி ஏறிப்போய், திருத்தி அடித்துக் கொடுக்கும்வரை அந்த எழுத்தர் மேசைக்கு எதிரிலேயே நின்றாள். அவர் நாளைக்கு வரச் சொன்னார். "இது வரைக்கும் ஒன்பதே முக்கால் வருஷம் நாளைக்கு வந்தாச்சு" என்றாள். கால் மணி நேரத்தில் திருத்தினார்.

கம்பி போட்டதைப் பார்க்க மூன்று பேரும் ஒரு சனிக்கிழமை போனோம். பட்டாணி கம்பியை இரண்டு கையாலும் பிடித்து முழுப் பலத்தோடு ஆட்டிப் பார்த்தாள். அசையவில்லை. டிரைவர் கிட்டே போகவில்லை. படி முடிகிற இடத்திலேயே நின்றுகொண்டாள்.

கூட்டமில்லாத நேரம். சிவப்புத் தொப்பிக்காரர் எங்களைப் பார்த்துவிட்டு மேலே ஏறி வந்தார். மைக் அணைந்திருந்தது. தொப்பியைக் கழற்றியிருந்தார். முன்வழுக்கை.

"அம்மா, நான் அந்தக் கதையை விட்டுட்டேன். விசாரணை பத்திக் கேள்விப்பட்டதிலேர்ந்து சொல்றதில்ல" என்றார்.

அவள் பட்டாணியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நிஜத்தைச் சொல்லலாம்னு நினைக்கிறேன். ஆனா கம்பி உடைஞ்சு விழுந்தாங்கன்னு மட்டும் சொன்னா ஜனங்க மனசுல நிக்காது. உங்க அக்கா எப்படி இருப்பாங்க, என்ன பிடிக்கும், வீட்ல எப்படின்னு ரெண்டு வார்த்தை சொன்னீங்கன்னா, கேட்கிறவங்க கண்ணு கலங்கற மாதிரி நான் சொல்லிடுவேன்."

அவர் நல்ல எண்ணத்தோடுதான் கேட்டார். அதை இன்றைக்கும் சொல்வேன். அவளுடைய இரண்டு காதும் செக்கச்செவேல் என்று ஆகிவிட்டன.

"அவ மூணு தடவை புகார் கொடுத்தா. நீங்க யாரும் பாக்கல. கம்பி உடைஞ்சு செத்தா. இதைச் சொல்லு. இஷ்டம் இருந்தா சொல்லு, இல்லாட்டி ராணியோட நிறுத்திக்க. அவளுக்கு என்ன பிடிக்கும், எப்படிச் சிரிப்பா, அதெல்லாம் உனக்குக் கிடையாது. அது எங்க வீட்டுது. எவன் கண்ணும் கலங்க வேணாம்."

"இல்லம்மா, நான் மரியாதைக்காகத்தான்..."

"மரியாதைக்குக் கம்பியைப் பிடிச்சு ஆட்டிப் பாரு. மாசத்துக்கு ஒரு தடவை. ஆடிச்சுன்னா எழுதிக் கொடு."

அவர் தொப்பியை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார். என்ன நினைத்தாரோ, போகிறபோது படியோரக் கைப்பிடியை ஒரு தடவை அழுத்திப் பார்த்துவிட்டுப் போனார்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றேன். பட்டாணி கம்பியை விட்டுவிட்டு வந்து சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா எப்படிச் சிரிப்பாங்க?"

"கழுதை மாதிரி" என்றாள் டிரைவர்.

பிறகு நூற்றுப் பன்னிரண்டு படியும் இறங்கி முடியும்வரை சொல்லிக்கொண்டே வந்தாள். நான் வேண்டுமென்றே பத்துப் படி முன்னால் இறங்கினேன்.